சீஸ் பஜ்ஜி எண்ணெயில் வெடிப்பது ஏன்?

கேள்வி: விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து பேரப்பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். மிளகாய் பஜ்ஜிக்குள் சீஸ் வைத்துச் செய்து கொடுக்கச் சொல்லி, "அமுச்சி, அமுச்சி" என்று பின்னாலேயே சுற்றுகிறார்கள். வடைச்சட்டியில் போட்ட கொஞ்ச நேரத்தில் சீஸ் வெளியே பொங்கி எண்ணெய் தெறிக்கிறது. உடையாமல் தப்பியதும் பத்து நிமிடத்தில் நமுத்துப்போகிறது. சீஸுக்குப் பதில் பனீர் வைக்கலாமா? நாங்கள் செக்குக் கடலை எண்ணெய்தான் பயன்படுத்துகிறோம்.
— வாசகி, கோபிசெட்டிபாளையம்

எண்ணெய் தெறிப்பதை முதலில் பேசிவிடலாம். பிள்ளைகள் அடுப்பருகே வந்து நிற்கும் வீட்டில் ருசியைவிட அது முக்கியம்.

வாழைக்காய் பஜ்ஜியின் பக்குவத்திலேயே இதையும் போடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். எண்ணெயின் சலசலப்பு அடங்கியதும் எடுப்பது நம் சமையலறைகளில் தலைமுறையாக வரும் கணக்கு. வாழைக்காய்க்கும் உருளைக்கிழங்குக்கும் அது சரி. சீஸுக்குச் சரிவராது. மொசரல்லா சீஸின் எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீர். மேல்மாவில் ஈரம் இருக்கும்வரை சூடு அதை வற்றவைப்பதிலேயே செலவாகிறது. மாவு காய்ந்ததும் சூடு வேகமாக உள்ளே இறங்குகிறது. சீஸ் உருகி, அதிலுள்ள தண்ணீர் ஆவியாகி, மிளகாயின் கீறல் வழியே வெளியேறப் பார்க்கிறது. சலசலப்பு அடங்கட்டும் என்று நீங்கள் காத்திருக்கும் கடைசி நேரத்தில்தான் பஜ்ஜி வெடிக்கிறது.

கூர்ந்து பார்த்தால் இது முன்கூட்டியே தெரியும். பஜ்ஜியைச் சுற்றிப் பரவலாக எழும் குமிழ்கள் குறைந்துவரும்போது, ஒரே ஓர் இடத்திலிருந்து மட்டும் பொடிக் குமிழ்கள் சரம்போல விடாமல் கிளம்பும். மாவில் விரிசல் விழுந்த இடம் அது. கண்ணில் பட்டதுமே ஜல்லிக்கரண்டியால் எடுத்துவிடுங்கள். நிறம் இன்னும் கொஞ்சம் வரட்டுமே என்று விட்டுவைக்க வேண்டாம்.

அந்த நிலைக்கே போகாமல் தடுப்பது இன்னும் நல்லது. மிளகாயைக் கீறி விதையை எடுத்தபின், உட்புறத்தைத் துணியால் ஈரம் போகத் துடையுங்கள். வழக்கமாக உள்ளே தடவும் புளிக்கரைசல் இந்த பஜ்ஜிக்கு வேண்டாம். ஓமத்தை மாவில் சேர்த்துக்கொள்ளலாம். சீஸைத் திணித்து நிரப்பாமல் கீறல் மூடிக்கொள்ளும் அளவுக்கு வையுங்கள். கெட்டியாகக் கரைத்த கடலை மாவை விரலால் கீறலின் மேல் தடவி அடைத்து, அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்துவிடுங்கள். உள்ளே சீஸ் குளிர்ந்திருந்தால், அது உருகுவதற்குள் மேல்மாவு இறுகிவிடும். ராத்திரி முழுக்க வைத்தால் மேலே பனி படியும். துடைக்காமல் போட்டால் அதுவே எண்ணெயைத் தெறிக்க வைக்கும்.

மாவுக்கு ஒரு கப் கடலை மாவுக்குக் கால் கப் அரிசி மாவு என்பது என் அளவு. கடலை மாவு மட்டும் என்றால் சீக்கிரம் சிவந்துவிடும், மொறுமொறுப்பு நிற்காது. அந்த மொறுமொறுப்பைத் தருவது அரிசி மாவு. சோடா உப்பு வேண்டவே வேண்டாம் என்பேன். அது மாவைப் பொசுபொசுவென்று ஆக்கி எண்ணெய் குடிக்க வைக்கிறது. துளை விழுந்த மாவைத் தாண்டி சீஸ் சுலபமாக வெளியே வந்துவிடுகிறது. சீஸில் ஏற்கெனவே உப்பு இருப்பதால் மாவில் பாதி உப்புப் போதும். குளிர்ந்த தண்ணீரில், கரண்டியை முக்கி எடுத்தால் அதன் முதுகு தெரியாத அளவுக்குக் கெட்டியாகக் கரையுங்கள். மிளகாயை உலர்ந்த அரிசி மாவில் ஒரு புரட்டு புரட்டிவிட்டு முக்கினால் மாவு வழுக்காமல் பிடித்துக்கொள்ளும்.

எண்ணெய் 175 முதல் 180 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்க வேண்டும். வெப்பமானி இல்லையென்றால் ஒரு சொட்டு மாவை விட்டுப் பாருங்கள்: உடனே மேலே வர வேண்டும், ஆனால் வந்ததுமே சிவக்கக் கூடாது. ஃப்ரீசரிலிருந்து எடுத்தவை எண்ணெயின் சூட்டைச் சட்டென்று இறக்கிவிடும் என்பதால் ஒரு ஈட்டுக்கு மூன்று, நான்குக்கு மேல் போடாதீர்கள். செக்கு எண்ணெயின் மணம் மிளகாய் பஜ்ஜிக்கு அபாரமாகப் பொருந்தும், மாற்ற வேண்டியதில்லை. அடியில் தங்கும் மண்டியை விட்டு மேலே தெளிந்ததை மட்டும் ஊற்றுங்கள். சுத்திகரித்த எண்ணெயைவிட இது சீக்கிரம் புகையும். புகை கிளம்பினால் அடுப்பைக் குறையுங்கள்.

பனீர் தாராளமாக வைக்கலாம்; ஆனால் அது உருகாது. சூடான பாலைப் புளிப்பு விட்டுத் திரிப்பதால் அதன் புரதம் இறுகிவிடுகிறது. எவ்வளவு சூடு காட்டினாலும் இழையாக நீளாது. பிள்ளைகள் கேட்பது கடித்து இழுத்தால் நூலாக வரும் சீஸை. வெறும் பனீரைக் கொடுத்தால் முகம் சுருங்கிவிடும். துருவிய மொசரல்லாவும் பிசிறிய பனீரும் சரிபாதியாகக் கலந்து வைத்துப் பாருங்கள். பனீர் உருகாமல் சீஸைப் பிடித்து நிறுத்தும், இழையும் வரும், வெடிப்பதும் வெகுவாகக் குறையும். முதல் ஈடு பழகும்வரை இந்தக் கலவையே உங்களுக்கு நான் சொல்வது.

நமுத்துப்போவதற்குக் காரணம் பொரித்தபின் நடப்பதுதான். உள்ளிருக்கும் ஆவி வெளியேற வழியில்லாமல் மேல்மாவிலேயே ஊறிவிடுகிறது. பஜ்ஜியை ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிக்காமல், மூடி போடாமல், கம்பி வலைத்தட்டில் இடைவெளி விட்டு வையுங்கள். செய்தித்தாளில் வடிகட்டுவதை அடியோடு நிறுத்துங்கள். அச்சு மையில் ஈயம் போன்றவை இருக்கக்கூடும், உணவுப் பாதுகாப்புத் துறையும் எச்சரித்திருக்கிறது. இவ்வளவு செய்தாலும் சீஸ் பஜ்ஜி காத்திருக்கும் பண்டம் அல்ல. ஆறினால் சீஸ் இறுகி ரப்பராகிவிடும். பிள்ளைகளை உட்கார வைத்துவிட்டு அடுப்பைப் பற்றவையுங்கள். எடுத்ததும் இரண்டு நிமிடம் ஆறவிட்டுக் கொடுங்கள், உள்ளே உருகிய சீஸ் நாக்கைச் சுட்டுவிடும். தொட்டுக்கொள்ளத் தேங்காய்ச் சட்னியைவிடப் புளிப்பான புதினாச் சட்னி சீஸின் கனத்துக்கு ஈடுகொடுக்கும்.

கோவைத் தள்ளுவண்டிகளில் ‘காளான்’ என்ற பெயரில் கிடைக்கும், முட்டைக்கோஸ் பக்கோடாவை மசாலாவில் கிளறிய பண்டம் பிள்ளைகளுக்குப் பிடிக்குமென்றால், மிஞ்சி நமுத்த முட்டைக்கோஸ் பக்கோடாவை மசாலாவில் பிய்த்துப் போட்டு, பச்சை வெங்காயமும் கொத்தமல்லியும் தூவிக் கொடுக்கலாம். அதில் ஊறி மெத்தென்று இருப்பதுதான் ருசி. சீஸ் வைத்ததை அதில் போடாதீர்கள், கட்டிகட்டியாகத் திரளும்.

பொரித்து முடித்த எண்ணெயை ஆறியதும் மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். சீஸ் சிந்திக் கருகியிருந்தால் அந்த எண்ணெய் சீக்கிரம் கெடும். திரும்பச் சுட வைக்காமல் ஓரிரு நாளில் தாளிக்கத் தீர்த்துவிடுங்கள். நுரைத்தாலோ கறுத்துப் பிசுபிசுத்தாலோ தாளிக்கவும் ஆகாது.