டி.டி.ஐ. ஸ்கேன் எடுத்தால் தலைக்காயம் நிரூபணமாகிவிடுமா?

விபத்துக்குப் பின் சி.டி., எம்.ஆர்.ஐ. இரண்டும் நார்மல், ஆனாலும் தலைவலியும் மறதியும் விடவில்லை, டி.டி.ஐ. (மூளையின் நரம்பிழைகளில் நீர் எப்படிப் பரவுகிறது என்று அளக்கும் ஒருவகை எம்.ஆர்.ஐ.) எடுத்தால் காயம் தெரியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். யாரோ உங்களிடம் "எல்லாம் மனப்பிரமை" என்று சொல்லியிருக்க வேண்டும். அதனால்தான் ஒரு படத்தைத் தேடுகிறீர்கள்.

என் அக்கா ஸ்கூட்டரிலிருந்து விழுந்தபோதும் சி.டி.யில் ரத்தக்கசிவு இல்லை. ஆனால் செய்தித்தாளின் ஒரே வரியை விரல் வைத்துத் திரும்பத் திரும்பப் படிப்பாள். பிள்ளைகள் சத்தம் போட்டால் காதைப் பொத்திக்கொண்டு அறைக்குள் போய்விடுவாள். "வேலைக்குப் போகாமலிருக்க நடிக்கிறாள்" என்று உறவினர் ஒருவர் அவள் காதுபடவே சொன்னார். அவரிடம் இன்றுவரை நான் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

பிறகுதான் நரம்பியல் மருத்துவர் டி.டி.ஐ. எழுதிக் கொடுத்தார். 1994இல் பீட்டர் பாஸர் என்ற ஆய்வாளரும் சகாக்களும் வெளியிட்ட முறை இது. நரம்பிழைகளின் நெடுக்கில் நீர் எளிதாகப் பரவும், குறுக்கே அவ்வளவாகப் பரவாது. தலை வேகமாகச் சுழலும்போது இழைகள் இழுபட்டுச் சிதைந்தால் அந்த ஒழுங்கு குலைகிறது. அதை 0 முதல் 1 வரையிலான எண்ணாக அளக்கிறார்கள். திரையில் இடம்வலமாக ஓடும் இழைகள் சிவப்பு, முன்பின்னாக ஓடுபவை பச்சை, மேல்கீழாக ஓடுபவை நீலம். மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் சிவப்புப் பட்டையில் ஓரிடத்தில் அக்காவுக்கு எண் குறைந்திருந்தது.

"இதை மட்டும் வைத்து விபத்தால் வந்தது என்று எழுத மாட்டேன்" என்றார் மருத்துவர். நியாயம்தான். வயது ஏறினாலும், மனச்சோர்வு இருந்தாலும் அந்த எண் குறையலாம். இழைகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடங்களில் இயல்பாகவே குறைவு. கருவிக்குக் கருவி மாறும். அடிபட்ட முதல் நாள்களில் சிலருக்குக் கூடவும் செய்யும். காயம்பட்டவர்கள் பலரையும் நலமாக இருப்பவர்கள் பலரையும் ஒப்பிட்டால் வேறுபாடு தெரிகிறது. தனி ஒருவருக்குத் தீர்ப்பு எழுத அது போதாது. நான் மருத்துவர் இல்லை, டி.டி.ஐ. வீண் என்றும் சொல்லவில்லை. அதற்காக யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.

என் ஆத்திரமெல்லாம் டிஸ்சார்ஜ் சீட்டின் மேல்தான். "தலையில் லேசான அடி" என்று ஒரே வரி! நினைவு தப்பியதா, எவ்வளவு நேரம், எதுவரை ஞாபகம் இருந்தது, எவ்வளவு சுயநினைவோடு இருந்தாள் என்பதைக் காட்டும் கிளாஸ்கோ மதிப்பெண் என்ன, ஒன்றுமே இல்லை. பின்னால் காப்பீட்டுக்காரர்கள் கேட்டது இவற்றைத்தான். வண்ணப்படத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

ஆகவே, விழுந்ததைப் பார்த்தவர்களிடம் இன்றே விவரம் கேட்டு எழுதி வையுங்கள். கவனம், நினைவாற்றலுக்கான உளவியல் சோதனையை மருத்துவரிடம் கேளுங்கள். அக்காவுக்கு எங்கே தடுமாற்றம் என்று பிடிபட்டதும், பயிற்சி தொடங்கியதும் அதற்குப் பிறகுதான்.