எம்-சாண்டில் மேல்தளம் போடலாமா? பூச்சு வெடிக்குமா?

கேள்வி: ஒரத்தநாடு அருகே 1,100 சதுர அடியில் வீடு கட்டி வருகிறேன். சுவர் லிண்டல் மட்டத்தைத் தாண்டிவிட்டது. ஆற்று மணல் விலை கட்டுப்படியாகாததால் எம்-சாண்ட் வாங்கச் சொல்கிறார் பொறியாளர். மேஸ்திரியோ, தளம் ஒழுகும், பூச்சு வெடிக்கும் என்று மறுக்கிறார். இதற்கிடையில் ஒரு லோடு எம்-சாண்ட் வந்து இறங்கிவிட்டது. கையில் எடுத்தால் மாவு போல ஒட்டுகிறது. என்ன செய்வது?

பதில்: எம்-சாண்டில் மேல்தளம் தாராளமாகப் போடலாம். கான்கிரீட்டுக்கான ஜல்லி, மணல் பற்றிய இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 383, 2016-இல் திருத்தப்பட்டபோது, பாறையை உடைத்துத் தயாரிக்கும் மணலான எம்-சாண்டுக்கும் தெளிவான வரையறைகளைத் தந்துள்ளது. அதற்காக உங்கள் மேஸ்திரி சொல்வதை ஒதுக்கிவிட வேண்டாம். அவர் பூச்சு வெடித்த வீடுகளைக் கண்ணால் பார்த்திருப்பார். ஆனால் அந்த வீடுகளுக்கு எம்-சாண்ட் என்ற பெயரில் வந்து இறங்கியது பெரும்பாலும் கிரஷர் டஸ்ட்டாகத்தான் இருந்திருக்கும்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஜல்லி உடைக்கும்போது கழிவாக விழும் தூளே டஸ்ட். அதில் தட்டையும் ஊசியுமான சில்லுகளும் அளவுக்கு மீறிய மாவும் இருக்கும். எம்-சாண்டைத் தயாரிப்பதற்கென்றே வி.எஸ்.ஐ. என்ற தனி இயந்திரம் இருக்கிறது. அதில் கல்லோடு கல் அதிவேகமாக மோதுவதால் கூரான முனைகள் உடைந்து, மணி ஏறக்குறைய கனசதுர வடிவம் பெறுகிறது. பிறகு அதைச் சலித்து, தண்ணீரில் கழுவி, மிகையான தூளை நீக்குகிறார்கள். இந்த இரண்டு வேலைகளும் நடக்காத சரக்கை, ரசீதில் என்ன பெயர் எழுதியிருந்தாலும் எம்-சாண்டாக ஏற்க வேண்டாம். தமிழ்நாட்டில் பொதுப்பணித் துறை ஆலைகளைத் தரமதிப்பீடு செய்து சான்றளிக்கிறது. அந்தச் சான்றின் நகலைக் கேட்டு வாங்கிய பிறகே முன்பணம் கொடுங்கள்.

லாரி வந்தவுடன், இறக்குவதற்கு முன்பே, மேலாக அல்லாமல் ஒரு சாண் ஆழத்திலிருந்து ஒரு பிடி எடுத்து உள்ளங்கையில் தேய்த்துப் பாருங்கள். நல்ல எம்-சாண்ட் நறநறவென்று உருளும், கையை உதறினால் உதிர்ந்துவிடும். டஸ்ட்டாக இருந்தால் ரேகைகளில் சாம்பல் நிறத்தில் அப்பிக்கொள்ளும். ஈரச் சரக்கில் இந்தச் சோதனை ஏமாற்றும் என்பதால், கொஞ்சம் எடுத்து வெயிலில் உலர்த்தியும் பாருங்கள்.

பாட்டிலில் மணலையும் தண்ணீரையும் குலுக்கி வைத்து, மேலே படியும் வண்டலின் உயரத்தை அளக்கும் பழைய முறையை இங்கே அப்படியே பயன்படுத்தக் கூடாது. ஆற்று மணலில் அப்படிப் படிவது களிமண்; எம்-சாண்டில் படிவது பெரும்பாலும் கல் தூள், அது ஓரளவு இருப்பது கெடுதல் இல்லை. அதனால்தான் 75 மைக்ரானுக்குக் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) குறைவான தூள் ஆற்று மணலில் 3 சதவீதம் வரை மட்டுமே அனுமதிக்கப்படும்போது, உடைத்த மணலில் 15 சதவீதம் வரை ஏற்கப்படுகிறது. இதைச் சரியாகச் சொல்லக்கூடியது ஆய்வகச் சல்லடைச் சோதனைதான். குவியலின் நாலைந்து இடங்களிலிருந்து எடுத்துக் கலந்து, ஐந்தாறு கிலோவை அருகிலுள்ள பொறியியல் கல்லூரி ஆய்வகத்திலோ தனியார் ஆய்வகத்திலோ கொடுங்கள். 600 மைக்ரான் சல்லடையில் 35 முதல் 59 சதவீதம் இறங்கினால் அது, மணலைப் பருமன்படி ஐ.எஸ். 383 பிரிக்கும் நான்கு மண்டலங்களில் இரண்டாம் மண்டல மணலுக்கு உரிய அளவு; கான்கிரீட்டுக்கு மிகப் பொருத்தம்.

இனி தளத்துக்கு வருவோம். பெரும்பாலான வீடுகளில் மணலைவிடத் தண்ணீர்தான் கெடுதல் செய்கிறது என்பது என் அனுபவம். எம்-சாண்டின் மணிகள் கோணமாக இருப்பதால், அதே தண்ணீர் அளவில் கலவை ஆற்று மணல் கலவையைவிட விறைப்பாக இருக்கும். உடனே மிக்சர் பக்கம் நிற்பவர் கையிலிருக்கும் ஹோஸைத் திருப்பிவிடுவார். கலவை இளகும், ஆனால் மிகைத் தண்ணீர் வற்றிய இடமெல்லாம் நுண்துளைகளாகி, பிற்பாடு அவற்றின் வழியே மழைநீர் இறங்கும். மேஸ்திரி சொல்லும் ஒழுகலின் காரணம் பெரும்பாலும் இதுதான். எம்20 என்ற வலிமைத் தரத்துக்கான கான்கிரீட் கலவைக்கு ஒரு மூட்டை சிமென்ட், ஒன்றரைப் பெட்டி எம்-சாண்ட், மூன்று பெட்டி ஜல்லி என்று 35 லிட்டர் கொள்ளும் பெட்டியால் அளந்து போடச் சொல்லுங்கள். சட்டிக் கணக்கு வேண்டாம். தண்ணீர் மூட்டைக்கு 25 லிட்டர் என்று வாளியில் குறியிட்டு ஊற்றட்டும். மணல் ஈரமாக இருந்தால் அதில் இரண்டு மூன்று லிட்டர் குறைக்க வேண்டும். கலவை விறைப்பாகத் தெரிந்தால், தண்ணீரைக் கூட்டாமலே அதை இளக்கும் பிளாஸ்டிசைசர் திரவத்தை அதன் டப்பாவில் குறித்துள்ள அளவில் சேர்த்து, வைப்ரேட்டரால் இறுக்குங்கள். தளம் போடும் அன்றே அதே கான்கிரீட்டில் வலிமைச் சோதனைக்கான ஆறு கியூப் (கனசதுர மாதிரி) எடுத்து வைத்து, மூன்றை 7-ஆம் நாளும் மூன்றை 28-ஆம் நாளும் சோதித்தால் ஐயத்துக்கு இடமிருக்காது. பி.பி.சி. (சாம்பல் போன்றவை கலந்த) சிமென்ட் என்றால் குறைந்தது 10 நாள், இந்த வெயிலில் 14 நாள், பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள்.

பூச்சுக்கு எம்-சாண்டை வாங்கவே வேண்டாம். அதற்கென 2.36 மி.மீ. சல்லடையில் சலித்த பி-சாண்ட் தனியாகக் கிடைக்கிறது. அதிலும் தூள் மிகுந்தால் தண்ணீர் அதிகம் கேட்கும், காயும்போது சுருங்கி மயிரிழை விரிசல் விடும். கலவையை வலுவாக்குவதாக எண்ணிச் சிமென்டும் மணலும் 1:3 என்று போடுவது அந்தச் சுருக்கத்தைக் கூட்டும். உள்சுவருக்கு 1:5 போதும். சுவரை முன்னதாக நனைப்பது, பூச்சின் மேல் வறட்டுச் சிமென்டைத் தூவித் தேய்க்காதிருப்பது, செங்கல்லும் தூணும் சேரும் இடத்தில் கோழிவலை அடிப்பது ஆகிய மூன்றையும் விடாமல் செய்யுங்கள். இவற்றில் ஒன்று தவறினாலும் ஆற்று மணல் பூச்சுகூட வெடிக்கும். செங்கல் கட்டுக்கு வழக்கமான 1:6 விகிதத்தில் எம்-சாண்டே போதும்.

ஆற்று மணல் என்று நள்ளிரவில் இறக்கப்படும் லோடுகளில் சவுடு கலந்திருப்பதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன். கூடுதல் விலை கொடுத்து, ஆற்றையும் கெடுத்து, களிமண்ணை வாங்கித் தளத்தில் போடுவது மனத்துக்கு மிகவும் வருத்தம் தருகிறது. நம் ஆறுகளில் மணல் கிடக்கும் ஆழம்தான் கரையோரக் கிணறுகளில் தண்ணீர் ஊறுவதற்கான இடம்.

இறங்கிவிட்ட அந்த லோடுக்கு வருகிறேன். நீங்கள் விவரித்ததைப் பார்த்தால் டஸ்ட்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆய்வக முடிவு வரும்வரை தார்ப்பாய் போட்டு மூடி வையுங்கள். கட்டு வேலைக்குக்கூட எடுக்க விடாதீர்கள். தூள் வரம்புக்குள் இருந்தால் தளத்துக்கே பயன்படுத்தலாம். மீறியிருந்தால் அறிக்கையைக் காட்டித் திருப்பி எடுக்கச் சொல்லுங்கள். மறுத்தால் தரைக்கு அடியில் நிரப்பித் தண்ணீர் விட்டு திமிசு போடுங்கள், அந்த வேலைக்கு அது நன்றாகவே பயன்படும்.