தேசியப் பூங்காவுக்கு உதவும் தொண்டு நிறுவனத்தில் யார் யார் வேலை செய்கிறார்கள்? வேலூர் பக்கம் அப்படி வேலை உண்டா?

கேட்டவர் விலங்கியல் படித்து முடித்த வேலூர்க்காரர். அமெரிக்கப் பூங்காக்களுக்குத் துணையாக இயங்கும் லாப நோக்கில்லாத அமைப்புகளைப் பற்றிப் படித்திருக்கிறார். அங்கே உள்ளே இருப்பவர்கள் யார், நம் பக்கம் அப்படி ஏதாவது இருக்கிறதா, சேர்ந்தால் என்ன வேலை தருவார்கள் என்பது அவர் கேள்வி. எனக்கு வீடு குடியாத்தம். காட்டையொட்டிய ஊர்களில் வேலை செய்யும் ஒரு சிறிய அறக்கட்டளையில் கணக்குப் பார்க்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அமெரிக்கா. கலிபோர்னியாவில் உள்ள யோசெமிட்டி தேசியப் பூங்காவில் 1923லேயே இப்படி ஒரு சங்கம் வந்துவிட்டது. நாடு முழுவதற்குமான தேசியப் பூங்கா அறக்கட்டளையை அவர்களுடைய நாடாளுமன்றமே 1967இல் சட்டம் போட்டு உருவாக்கியது. நன்கொடை திரட்டுபவர்கள், பார்வையாளர் மையத்தில் புத்தகக் கடை நடத்துபவர்கள், நடைபாதை செப்பனிடும் குழுவினர், இயற்கை வழிகாட்டிகள் எனப் பலர் அங்கே இருக்கிறார்கள். பூங்கா அரசுடையது, அரசுப் பணம் எட்டாத இடத்தை இவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அவ்வளவுதான் ஏற்பாடு.

நம் நாட்டில் இதற்கு மிக நெருக்கமானவை புலிகள் காப்பக அறக்கட்டளைகள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2006இல் செய்த திருத்தம், ஒவ்வொரு புலிகள் காப்பகத்துக்கும் இப்படி ஒரு அறக்கட்டளை வேண்டும் என்கிறது. அதற்கு முன்பே, 2004இல், கேரளத்தில் பெரியாறு அறக்கட்டளை வந்துவிட்டது. முதுமலையிலோ ஆனைமலையிலோ நீங்கள் கட்டும் சுற்றுலாக் கட்டணம் இந்த வழியாகக் காப்பகத்துக்கும் சுற்றியுள்ள மக்களுக்கும் திரும்புகிறது.

தமிழ்நாட்டில் தேசியப் பூங்கா மொத்தம் ஐந்து: கிண்டி, முதுமலை, முக்கூர்த்தி, ஆனைமலை, மன்னார் வளைகுடா. புலிகள் காப்பகமும் ஐந்து. இரண்டு பட்டியலிலும் பழைய வட ஆற்காடு இல்லை. கிண்டியை விட்டால் நமக்குக் கிட்டத்தில் இருக்கும் தேசியப் பூங்கா ஆந்திராவில், சேஷாசலம் மலையில் 1989இல் அறிவித்த ஸ்ரீ வெங்கடேஸ்வரா. ஆனால் காடு இல்லாத ஊரா நம்முடையது? தெற்கே ஜவ்வாது மலை, அதன் அடிவாரத்தில் அமிர்தி, வடக்கே எல்லை தாண்டினால் கௌண்டின்யா சரணாலயம். 1980களில் ஓசூர்ப் பக்கமிருந்து கௌண்டின்யா காட்டுக்கு வந்து தங்கிய யானைகள் இன்று சைனகுண்டா, மோர்தானா, பேர்ணாம்பட்டு ஓரத்து மாந்தோப்பிலும் வாழையிலும் இறங்குகின்றன. யானைக்கு மாநில எல்லை தெரியாது. இங்கே சிறிய அறக்கட்டளைகளுக்கு வேலை வருவது இந்த இடத்தில்தான்.

சரி, உள்ளே யார் இருக்கிறார்கள்?

மேலே அறங்காவலர்கள். ஓய்வு பெற்ற வன அலுவலர், டாக்டர், வக்கீல் என்று இருப்பார்கள். கையெழுத்தும் அறிமுகமும் அவர்களுடையது. அப்புறம் திட்ட அலுவலர், ஆய்வாளர், என்னைப் போல் கணக்கு பார்ப்பவர். உங்களைப் போல் படித்து வருபவர்கள் சேருவது பெரும்பாலும் திட்ட அலுவலர் அல்லது ஆய்வு உதவியாளர் இடத்தில்.

ஆனால் நிறுவனம் யாருடைய காலில் நிற்கிறது என்று கேட்டால், களப்பணியாளர் காலில் என்பேன். இதைத்தான் உங்களுக்கு அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் களப்பணியாளர்கள் மலையடிவாரத்து ஊர்க்காரர்கள். சிலர் பத்தாவது தாண்டவில்லை. வனக்காப்பாளர் எந்த வழியாக ரோந்து போவார், எந்தத் தொட்டியில் தண்ணீர் வற்றிவிட்டது, யார் நிலத்துக்கும் யார் நிலத்துக்கும் வரப்புத் தகராறு, எல்லாம் அவர்களுக்கு அத்துப்படி.

ஒரு நாள் வேலையைச் சொல்கிறேன். ராத்திரி யானை இறங்கினால் முதல் போன் களப்பணியாளருக்குத்தான் வரும். இவர் வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்வார். ஊரில் யாரும் கிட்டே போய்ப் படம் எடுக்காமல் பார்த்துக்கொள்வார். அதற்கு அவரிடம் எந்த அதிகாரமும் கிடையாது; அவர் சொன்னால் ஊர் கேட்கும், அது ஒன்றுதான் பலம். விடிந்ததும் நஷ்டப்பட்டவரோடு போய் ஒடிந்த மரங்களைப் படம் எடுத்து, சிட்டா, அடங்கல் வாங்க விஏஓ அலுவலகத்தில் நின்று, இழப்பீட்டு மனு எழுதிக் கொடுப்பார். ஒரு முறை நானும் கூடப் போயிருந்தேன். வாழை போன ஓர் அம்மா, "போன வருஷம் போனதுக்கே இன்னும் காசு வரல, இதுக்கு எதுக்குப்பா எழுதற?" என்றார். களப்பணியாளர் பதில் பேசவில்லை. போன வருஷத்து மனுவின் நகலைக் கேட்டு வாங்கி இரண்டையும் சேர்த்து எடுத்துக்கொண்டு கிளம்பினார். அந்த அம்மா அடுத்த முறை யானை வந்தபோது பட்டாசு கொளுத்தாமல் போன் பண்ணினார் என்றால் அதற்குக் காரணம் அந்த நடைதான். எங்கள் ஆண்டறிக்கையில் இதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.

2024 டிசம்பரில் கே.வி.குப்பம் பக்கம் ஓர் இளம்பெண் சிறுத்தை தாக்கி இறந்தார். அப்படி ஒரு சாவுக்குப் பிறகு அந்தச் சுற்று ஊர்களில் போய் வனவிலங்கைக் காப்போம் என்று பேனர் பிடிக்க யாருக்கு வாய் வரும்? போய் உட்கார்ந்து, திட்டு வாங்கி, இருட்டில் தனியாக வெளியே போகாதீர்கள், ஆட்டுப்பட்டியை வீட்டுக்குக் கிட்டே வையுங்கள் என்று பொறுமையாகப் பேச ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் அந்த ஊர்ப்பக்கத்து ஆளாக இருந்தால்தான் உட்காரவே விடுவார்கள்.

ஜவ்வாது மலையில் வேலை வேறு மாதிரி. அங்கே மலையாளிப் பழங்குடி மக்கள் சாமை விதைக்கிறார்கள், புளி, தேன், கடுக்காய் எடுக்கிறார்கள். நம் பக்கத்துத் தோல் பதனிடும் தொழிலுக்கு ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஒரு காலத்தில் எவ்வளவு முக்கியம் என்று பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். விளைச்சலுக்கு விலை இல்லாத ஆண்டில் ஆந்திரக் காட்டில் திருட்டுத்தனமாகச் செம்மரம் வெட்ட ஆள் பிடிக்கும் தரகர் மலையேறிவிடுவார். 2015 ஏப்ரலில் சேஷாசலத்தில் ஆந்திரப் போலீஸ் சுட்டு 20 பேர் செத்தார்களே, அவர்களில் பலர் திருவண்ணாமலை மாவட்டத்து மலை ஊர்க்காரர்கள். அதனால் சாமை அரைக்கும் மெஷினைப் பார்த்துக்கொள்ளும் மகளிர் குழு அக்காவையும் நான் காட்டைக் காக்கும் பணியாளர் என்றே சொல்வேன். உமி நீக்காத சாமையை வியாபாரி கேட்கிற விலைக்குக் கொடுக்க வேண்டியிருக்கும். அரிசியாக்கி விற்றால் கூடுதல் காசு வீட்டுக்கு வரும். கணக்கு நோட்டு எழுதுவது, மூட்டை எடை பார்ப்பது, வியாபாரியிடம் பேசுவது எல்லாம் அந்த அக்காதான்.

வனத்துறைக்கும் எங்களுக்கும் உள்ள உறவையும் தெரிந்துகொள்ளுங்கள். சட்டம், சீருடை, நிலம் எல்லாம் துறையுடையது. அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நாங்கள் கால் வைக்க முடியாது. யாரையும் பிடிக்கவோ அபராதம் போடவோ முடியாது. எங்களால் முடிவது சின்னச் சின்ன விஷயங்களை உடனே செய்வது. வேலூர் வெயில் உங்களுக்குத் தெரியும். சித்திரையில் தண்ணீர்த் தொட்டியின் மோட்டார் எரிந்துபோனால், கோப்பு மேலே போய்க் கீழே வருவதற்குள் புள்ளிமான்கள் தண்ணீர் தேடி ரோட்டுக்கு வந்து வண்டியில் அடிபடும், தெருநாயிடம் மாட்டும். ஒரு எலக்ட்ரீஷியனை அன்றைக்கே அனுப்பி, டிராக்டரில் இரண்டு டேங்கர் தண்ணீர் ஊற்ற எங்களால் முடியும். டார்ச், மழைக்கோட்டு, நல்ல ஷூ இதெல்லாம் வேட்டைத் தடுப்புக் காவலர்களுக்குக் கொடுப்பதும் இப்படித்தான்.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கணக்குப் பார்ப்பவனாக நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் சம்பளமும் அதில்தான். பெரிய கம்பெனிகள் முந்தைய மூன்று ஆண்டு சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பொறுப்புக்குச் செலவிட வேண்டும் என்று 2013 கம்பெனிச் சட்டத்தின் 135ஆம் பிரிவு சொல்கிறது. சுற்றுச்சூழலும் வனவிலங்கும் அந்தப் பட்டியலில் உண்டு. வாங்குகிற அறக்கட்டளைக்கு 12ஏ, 80ஜி என்று சொல்லிப் பழகிய வருமான வரிச் சலுகைப் பதிவு, மூன்று ஆண்டு அனுபவம், 2021 முதல் இந்தச் சமூகப் பொறுப்புப் பணத்தை வாங்குவதற்கான சிஎஸ்ஆர்-1 பதிவு எண் எல்லாம் வேண்டும். வெளிநாட்டுப் பணம் என்றால் எஃப்சிஆர்ஏ என்னும் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம். அதில் 2020 திருத்தத்துக்குப் பிறகு நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக்கூடாது; முன்பு 50 வரை போகலாம்.

சட்டம் கேட்கும் கணக்கில் எனக்குக் குறை இல்லை, கணக்கு சுத்தமாக இருக்கத்தான் வேண்டும். எனக்கு வருத்தம், பணம் கொடுப்பவர்கள் எதற்குக் கொடுக்கிறார்கள் என்பதில். சோலார் விளக்குக்குக் கொடுப்பார்கள், மரக்கன்றுக்குக் கொடுப்பார்கள். பெயர்ப்பலகை வைத்துப் படம் எடுக்கலாம் அல்லவா. ராத்திரியில் போன் எடுக்கிற ஆளுக்குச் சம்பளம் என்று எழுதினால், அதைக் குறைக்க முடியுமா என்று பதில் வரும். திட்டம் மார்ச் 31இல் முடிந்தால் அவர் வேலையும் அன்றோடு முடியும். யானை ஏப்ரலிலும் வரும். அந்த ஊர் ஒரு மனிதரை நம்பிப் பேசத் தொடங்க ஆண்டுக்கணக்கில் ஆகிறது, அவரை ஒரு நிதியாண்டோடு அனுப்பிவிடுவது காட்டுக்குச் செய்யும் கெடுதல். கம்பெனி ஆட்கள் வரும்போதெல்லாம் இதை நேருக்கு நேர் சொல்கிறேன். ஒரு கம்பெனி கேட்டுக்கொண்டு, தொடர் திட்டமாக மாற்றித் தந்தது. விதியில் இடமிருக்கிறது, கேட்க வேண்டும்.

தன்னார்வலர்களைப் பற்றி: விஐடியிலிருந்தும் மற்ற கல்லூரிகளிலிருந்தும் மாணவர்கள் வருகிறார்கள், அமிர்தியில் பிளாஸ்டிக் பொறுக்குகிறார்கள். நல்லதுதான். தொடர்ந்து வருகிற ஓரிருவர் போதும், அவர்கள்தான் பிற்பாடு இந்த வேலைக்கே வருகிறார்கள்.

உங்களுக்கு என் யோசனை. மேற்படிப்பு எண்ணமிருந்தால் மயிலாடுதுறை ஏவிசி கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் இருக்கிறது, டேராடூனில் இந்திய வனவிலங்கு நிறுவனம் இருக்கிறது. அதற்கு முன் ஒரு கோடையாவது ஏதாவது ஓர் அறக்கட்டளையில் களப்பணியாளரோடு நடந்து பாருங்கள். பைக் ஓட்டத் தெரிய வேண்டும், எல்லை ஊர்களில் தெலுங்கு பேசினால் பெரிய உதவி, மனு எழுதத் தெரிய வேண்டும். பறவை பெயர்களைப் போகப்போகக் கற்றுக்கொள்ளலாம்.

நேர்காணலில் சம்பளத்தைக் கேளுங்கள், கூச்சப்படாதீர்கள். ஐடி கம்பெனிச் சம்பளம் வராது, ஆனால் மாதாமாதம் வருகிறதா என்பது முக்கியம். கூடவே களப்பணியாளருக்கு எழுத்தில் வேலை உத்தரவு இருக்கிறதா, விபத்துக் காப்பீடு இருக்கிறதா, நிதி தாமதமானால் யாருக்கு முதலில் சம்பளம் போகும் என்றும் கேளுங்கள். 20 பேருக்குக் குறைவாக இருந்தால் பி.எஃப். கட்டாயமில்லை, ஆனால் விரும்பினால் சேரலாம். அதைச் செய்திருக்கிறார்களா என்று பாருங்கள். இந்தக் கேள்விகளுக்கு முகம் சுளிக்கும் இடத்தில் சேராதீர்கள்.

அதிகாரத்தோடு காட்டுக்குள் நிற்க வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் வழி வேறு. வனக்காப்பாளர், வனக்காவலர் பணியிடங்கள் 2024இல் டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் சேர்ந்து வந்தன. உடல் தகுதி விவரங்களை அறிவிக்கையில் பார்த்துவிட்டு, எழுத்துத் தேர்வு, உடல் தகுதி இரண்டுக்கும் சேர்த்தே தயாராகுங்கள்.