இறங்கியவுடன் பணம் மாற்றலாமா?

வெளிநாட்டு விமான நிலையத்தில் பணம் மாற்றுவது குறித்துப் புதுச்சேரியிலிருந்தும் கடலூரிலிருந்தும் வந்த கடிதங்களுக்கு, வங்கியின் அந்நியச் செலாவணிப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற நம் பத்தியாளர் இம்முறை பதில் அளிக்கிறார்.

கேள்வி: பாரிஸ் நகருக்கு அருகில் வசிக்கும் என் மகளின் பிரசவத்துக்காக, மூன்று மாதம் தங்கிவர முதன்முறையாகப் புறப்படுகிறேன். "ரூபாயாகவே எடுத்துப் போங்கள், இறங்கியவுடன் விமான நிலையத்தில் மாற்றிக்கொள்ளலாம்" என்கிறார் உறவினர் ஒருவர். மகளோ, "நாங்கள்தான் அழைக்க வருகிறோமே, ஒன்றும் வேண்டாம்" என்கிறாள். யார் சொல்வதைக் கேட்பது?
— வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம், அம்மா. யூரோவை இங்கேயே வாங்கிக்கொண்டு புறப்படுங்கள்.

ரூபாயை அங்கே கொண்டுபோய் மாற்றுவது ஏன் நட்டம் என்பதைச் சற்று விளக்கமாகவே சொல்கிறேன். பணமாற்றுக் கடை என்பது பணத்தைச் சரக்காக வாங்கி விற்கும் கடை. பாரிஸ் விமான நிலையத்துக் கவுன்டரில் நீங்கள் கொடுக்கும் ரூபாய் நோட்டை அடுத்து வாங்கிக்கொள்ள ஆள் வருவது அரிது. விலைபோகாத சரக்கை எந்த வியாபாரியும் அடிமாட்டு விலைக்குத்தான் எடுப்பார். அதற்குமேல், விமான நிலைய வாடகை அதிகம். இரவெல்லாம் விழித்திருந்து வந்து இறங்கும் பயணி வேறு கடை தேடிப் போகப் போவதில்லை என்பதும் கவுன்டரில் இருப்பவருக்குத் தெரியும். புதுச்சேரியில் நிலைமை இதற்கு நேர் எதிரானது. பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பங்களும், அங்கிருந்து ஓய்வூதியம் பெறுவோரும், ஆண்டு முழுவதும் வந்துபோகும் சுற்றுலாப் பயணிகளும் இருப்பதால், மிஷன் வீதிப் பக்கத்துக் கடைகளில் யூரோ நாள்தோறும் கைமாறும் சரக்காக இருக்கிறது. ஆகவே வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடையிலான இடைவெளி இங்கே குறைவு.

கணக்கு விளங்குவதற்காக, ஒரு யூரோவின் சந்தை மதிப்பு சரியாக 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்களிடம் 25,000 ரூபாய் இருக்கிறது. உள்ளூர்க் கடைக்காரர் யூரோவை 101 ரூபாய் 50 காசுக்குத் தந்தால் உங்கள் கையில் ஏறத்தாழ 246 யூரோ இருக்கும். இந்தத் தொகைக்குச் சரக்கு சேவை வரி 45 ரூபாய்தான். அங்கே கவுன்டர்காரர் ஒரு யூரோவுக்கு 118 ரூபாய் கேட்டால் கிடைப்பது 212 யூரோ. வித்தியாசம் 34 யூரோ. சார்ல் தெ கோல் விமான நிலையத்திலிருந்து பாரிஸுக்குள் செல்லும் ரயில் சீட்டின் விலை 2025 ஜனவரியில் 13 யூரோவாக ஆக்கப்பட்டது. அந்தக் கணக்கில் இரண்டு பேர் ஊருக்குள் போய்ச் சேர்ந்த பின்னும் மீதம் இருக்கும் பணம் இது. விலைகள் நான் எடுத்துக்காட்டுக்கு வைத்தவை. புறப்படும் வாரத்தில் நீங்களே இரண்டு மூன்று கடைகளில் விசாரித்துக்கொள்ளுங்கள். 25,000 ரூபாய் என்று நான் எழுதியதற்கும் காரணம் உண்டு: நேபாளம், பூட்டான் நீங்கலாகப் பிற நாடுகளுக்குச் செல்லும் இந்தியர் ஒருவர் அதற்கு மேல் இந்திய ரூபாயை வெளியே எடுத்துச் செல்ல விதி அனுமதிப்பதில்லை. உங்கள் உறவினர் இதை அறிந்திருக்க மாட்டார்.

"ஒன்றும் வேண்டாம்" என்னும் மகளின் அன்பையும் அப்படியே ஏற்க இயலாது. பிரான்ஸ் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகள் ஒரே விசாவுக்காகச் சேர்ந்துள்ள ஷெங்கன் பகுதியின் எல்லையில் குடியேற்ற அதிகாரி செலவுக்குப் பணம் இருக்கிறதா என்று கேட்கலாம். உங்களைத் தம் வீட்டில் தங்கவைப்பதாக மகள் அங்குள்ள நகரமன்றத்தில் பெற்ற சான்று உங்களிடம் இருந்தால், பிரான்ஸ் விதிப்படி நாளொன்றுக்கு 32.50 யூரோ காட்ட வேண்டும். 90 நாளுக்கு அது 2,925 யூரோ. ஆனால் இந்திய விதிப்படி ஒரு பயணத்துக்கு நோட்டாக எடுத்துச் செல்லும் அந்நியப் பணம் 3,000 அமெரிக்க டாலர் மதிப்பைத் தாண்டக் கூடாது. யூரோ டாலரைவிட விலை கூடியது என்பதால் 2,925 யூரோவையும் நோட்டாக எடுத்துச் செல்ல இயலாது. எனவே 300 அல்லது 400 யூரோவை நோட்டாகவும், மீதியை யூரோ ஏற்றிய பயண அட்டையாகவும் வாங்கிக்கொள்ளுங்கள். அட்டையில் எவ்வளவு ஏற்றப்பட்டது என்பதற்கான ரசீதை, மகள் அனுப்பிய சான்றோடு சேர்த்துக் கைப்பையிலேயே வையுங்கள். சரக்குப் பெட்டிக்குள் போட்டுவிட்டால் அதிகாரி கேட்கும் நேரத்தில் உதவாது.

வாங்கும்போது கடைக்காரரிடம் ரிசர்வ் வங்கியின் உரிமம் இருக்கிறதா என்று பாருங்கள். அதைக் கடையில் தெரியும்படி மாட்டியிருப்பார்கள். கடவுச்சீட்டு, விசா, பயணச்சீட்டு, பான் அட்டை ஆகியவை தேவைப்படும். ரொக்கமாக 50,000 ரூபாய் வரைதான் கொடுக்கலாம். அதற்கு மேல் வங்கி வழியாகச் செலுத்த வேண்டும். நோட்டைப் பெறும்போது 10, 20, 50 யூரோவாகவே கேளுங்கள். 500 யூரோ நோட்டை வெளியிடுவது 2019-இல் நின்றுபோயிற்று; 200 யூரோ நோட்டையும் ரொட்டிக் கடையில் நீட்டினால் சில்லறை இல்லை என்று திருப்பித் தந்துவிடுவார்கள். ஐஃபல் கோபுரத்தின் நுழைவுச் சீட்டுக்கு நம் யு.பி.ஐ. செல்லும் என்று 2024 பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது உண்மைதான். ஆனால் அந்தச் செய்தியை நம்பிக் கைப்பணம் இல்லாமல் இறங்க வேண்டாம். வழியில் வளைகுடா நாட்டில் விமானம் மாறுவதாக இருந்தால், அங்கே தேநீருக்காக நோட்டு மாற்ற வேண்டிய தேவையும் இல்லை. உங்கள் பயண அட்டையே போதும்.

கேள்வி: வெளிநாட்டு விமான நிலையங்களில் "கமிஷன் கிடையாது" என்று எழுதிவைத்திருக்கிறார்களே, அங்கே சிறு தொகை மட்டும் மாற்றினால் நட்டம் இல்லைதானே?
— வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: இந்தக் கேள்விக்கு என் அனுபவத்திலிருந்தே பதில் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் நானும் என் துணைவியாரும் ஐரோப்பிய நகரம் ஒன்றில் அதிகாலையில் இறங்கினோம். அவருக்குச் சர்க்கரை நோய். உடனே ஏதாவது சாப்பிட்டாக வேண்டும். அவசரத்தில் எதிரே தெரிந்த கவுன்டரில் 100 டாலர் நோட்டை நீட்டினேன். கண்ணாடிக்கு அடியில் இருந்த தட்டில் நோட்டுகளும் சில நாணயங்களும் ஒரு சிறிய ரசீதும் வந்தன. சிற்றுண்டிக் கடையில் உட்கார்ந்து ரசீதைப் படித்தபோதுதான் விவரம் தெரிந்தது: முதல் வரியில் மாற்று விலை, இரண்டாம் வரியில் சேவைக் கட்டணம், மூன்றாம் வரியில் குறைந்தபட்சக் கட்டணம் என்று ஒரு தொகை. எல்லாம் போக, சந்தை மதிப்பில் ஏறத்தாழ 80 டாலருக்குரிய பணமே என் கையில் இருந்தது. முப்பது ஆண்டு இதே தொழிலில் இருந்தவன் நான். கேட்காமல் நீட்டியது என் தவறுதான். ஆனாலும், பசியோடு வந்து இறங்குகிறவரிடம் இப்படி வாங்குவது நியாயம் என்று இன்றும் என்னால் ஏற்க இயலவில்லை.

"விமான நிலையத்தில் கொஞ்சமாக மாற்றுங்கள்" என்று எல்லாரும் சொல்லும் யோசனையில் உள்ள ஓட்டை இதுதான். நிலையான கட்டணம் வாங்கும் கவுன்டரில், மாற்றும் தொகை சிறியதாக இருக்க இருக்க இழப்பின் விகிதம் கூடுகிறது. "கமிஷன் கிடையாது" என்று எழுதியிருக்கும் கவுன்டரிலோ, அந்தக் கமிஷன் மாற்று விலைக்குள்ளேயே கரைந்திருக்கிறது. அங்கே தொகை பெரிதாகப் பெரிதாக இழப்பும் பெரிதாகிறது. பலகையில் இரண்டு விலைகள் இருக்கும். பிரான்ஸில் அவற்றை அஷா, வாந்த் என்று எழுதியிருப்பார்கள். புதுச்சேரி வாசகர்களுக்கு அந்தச் சொற்கள் புதியவை அல்ல. கடைக்காரர் வாங்கும் விலை ஒன்று, விற்கும் விலை மற்றொன்று. கண்ணைக் கவரும்படி பெரிதாகத் தெரிவது பெரும்பாலும் உங்களுக்குப் பொருந்தாத விலையாக இருக்கும். ஆகவே பலகையைப் படித்துக் குழம்ப வேண்டாம். நோட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு, "இந்தத் தொகையைத் தந்தால், எல்லாக் கழிவும் போக என் கையில் எவ்வளவு தருவீர்கள்?" என்று ஒரே கேள்வி கேளுங்கள். வரும் தொகையைக் கைபேசியில் அன்றைய சந்தை விலையோடு ஒப்பிட்டு, இழப்பு நூற்றுக்கு ஐந்துக்கு மேல் போனால் வேண்டாம் என்று சொல்லி நகர்ந்துவிடலாம். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: நான் வேலைக்காகச் சிங்கப்பூர் செல்கிறேன். அமெரிக்க டாலராக எடுத்துச் சென்று சாங்கி விமான நிலையத்தில் மாற்றுவது நல்லது என்கிறார்கள். உண்மையா?
— வாசகர், திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: இல்லை, தம்பி. ரூபாயை டாலராக்கும்போது ஒரு முறையும், அந்த டாலரைச் சிங்கப்பூர் வெள்ளியாக்கும்போது (சிங்கப்பூர் டாலரை அங்குள்ள தமிழர் வெள்ளி என்பார்கள்) இன்னொரு முறையும் இடைவெளியை நீங்கள்தான் சுமக்கிறீர்கள். சிங்கப்பூர் வெள்ளி சென்னை நகரக் கடைகளில் தாராளமாகக் கிடைக்கும். விமானம் ஏற மீனம்பாக்கம் போகும் நாளில், விமான நிலையத்துக்குள் நுழைவதற்கு முன்பே நகரத்தில் ஒரு 150 வெள்ளி வாங்கிவிடுங்கள். விமான நிலையக் கவுன்டரில் விலை கூடுதலாக இருக்கும் என்ற விதி நம் ஊருக்கும் பொருந்தும்.

சாங்கியின் கவுன்டர்கள் பல ஐரோப்பிய விமான நிலையங்களைப் போல அவ்வளவு கொடியவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். அங்கே அவசரத்துக்கு மாற்ற நேர்ந்தால் மனம் வருந்த வேண்டாம். ஆனாலும் நல்ல விலை ஊருக்குள்தான் இருக்கிறது. லிட்டில் இந்தியாவில் சையது ஆல்வி சாலையில் உள்ள முஸ்தபா சென்டரிலும், ராஃபிள்ஸ் பிளேஸில் உள்ள ஆர்கேட் கட்டடத்திலும் மாற்றுவோர் கூட்டம் எப்போதும் இருக்கும். லிட்டில் இந்தியாவில் ரூபாய்க்கும் நாள்தோறும் தேவை உண்டு. அதனால் பாரிஸில் ரூபாய்க்கு நேரும் கதி அங்கே நேர்வதில்லை. விமான நிலையத்திலிருந்து எம்.ஆர்.டி. ரயிலில் போக, தட்டிச் செலுத்தும் வசதியுள்ள விசா அல்லது மாஸ்டர்கார்டு அட்டை போதும். 2020 அக்டோபருக்குப் பின் வழங்கப்படும் நம் வங்கி அட்டைகள் இந்தியாவுக்குள் மட்டுமே வேலை செய்யும்படிதான் கைக்கு வருகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் நீங்களே திறந்துவிட வேண்டும். இதைக் கடலூரில் வீட்டிலேயே செய்துவிடுங்கள். இந்தியக் கைபேசி எண்ணுக்கு வரும் ஒருமுறைக் கடவுஎண் (ஓ.டி.பி.) அங்கே வந்து சேராமல் போகலாம்.

கேள்வி: வெளிநாட்டு விமான நிலைய ஏ.டி.எம்.மில் பணம் எடுத்தபோது, ரூபாயில் கணக்கிடட்டுமா என்று இயந்திரம் கேட்டது. நம் பணமாயிற்றே என்று சம்மதித்தேன். பிறகு கணக்கில் அதிகம் பிடித்திருந்தார்கள். ஏன்?
— வாசகர், லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: கவுன்டருக்குப் போகாமலேயே கவுன்டர் விலையை நீங்கள் கொடுத்திருக்கிறீர்கள். சம்மதம் என்று அழுத்தியதும், மாற்று விலையை நிர்ணயிக்கும் உரிமை உங்கள் அட்டை நிறுவனத்திடமிருந்து அந்த இயந்திரத்தை நடத்துபவரிடம் போய்விடுகிறது. அவர் தம் இலாபத்தைச் சேர்த்துத்தான் ரூபாய்த் தொகையைக் காட்டுகிறார். மாற்றம் வேண்டாம் என்று அழுத்தியிருந்தால் விசாவோ மாஸ்டர்கார்டோ தன் விலையில் கணக்கிட்டிருக்கும். அதன்மேல் உங்கள் வங்கி தன் கூடுதல் கட்டணத்தை வாங்கியிருக்கும். பல வங்கிகளில் அது 3.5 சதவீதமும் அதன்மீது வரியும் ஆகும். அப்படியும் அதுவே பெரும்பாலும் மலிவு. வேண்டாம் என்றால் பணமே வராதோ என்ற அச்சத்தில்தான் பலரும் சம்மதிக்கிறார்கள். வேண்டாம் என்றாலும் பணம் வரும், பரிவர்த்தனை நிற்காது. கடைகளில் அட்டை இயந்திரத்தை நீட்டும்போதும் இதே கேள்வி எழும்; அந்நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுங்கள்.

கேள்வி: குடும்பத்தோடு இலங்கை செல்கிறோம். இலங்கை ரூபாய் இங்கே எங்கும் கிடைக்கவில்லையே?
— வாசகி, வில்லியனூர், புதுச்சேரி

பதில்: உங்களுக்கு மட்டும் மேலே சொன்னதை மாற்றிச் சொல்கிறேன். அந்த நாணயம் நம் ஊர்க் கடைகளில் எளிதாகக் கிடைப்பதில்லை. டாலராக எடுத்துச் சென்று, கட்டுநாயக்க விமான நிலையத்தின் வருகைக் கூடத்தில் உள்ள வங்கிக் கவுன்டர்களில் மாற்றிக்கொள்ளுங்கள். அவை வங்கிகளே நடத்துபவை. இரண்டு கவுன்டரில் கேட்டுவிட்டு மாற்றினால் போதும். ரசீதைத் திரும்பி வரும்வரை வைத்திருங்கள். மிஞ்சும் இலங்கை ரூபாயைப் புறப்படும்போது அங்கேயே திருப்பி மாற்ற அது வேண்டியிருக்கும். கிழிந்த, எழுதப்பட்ட, மிகப் பழைய டாலர் நோட்டுகளை வாங்க மறுப்பார்கள் என்பதால், இங்கே வாங்கும்போதே ஒவ்வொரு நோட்டாகப் பார்த்து வாங்குங்கள்.

கேள்வி: மாமியாரின் டிரங்குப் பெட்டியில் பழைய பிரெஞ்சு பிராங்க் நோட்டுகளும், என் கணவர் சென்ற ஆண்டு கொண்டுவந்த யூரோ நோட்டுகளும் சில்லறையும் இருக்கின்றன. அடுத்த முறை பாரிஸ் விமான நிலையத்தில் எல்லாவற்றையும் மாற்ற முடியுமா?
— வாசகி, குருசுக்குப்பம், புதுச்சேரி

பதில்: யூரோ நோட்டுகளில் சிக்கல் இல்லை. மீந்த அந்நியப் பணத்தில் 2,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேற்பட்டதை ஊர் திரும்பிய 180 நாளுக்குள் வங்கியிலோ உரிமம் பெற்ற கடையிலோ ஒப்படைத்திருக்க வேண்டும். சில்லறையை இங்கே யாரும் வாங்குவதில்லை. அடுத்த பயணத்தில் இறங்கியதும் தண்ணீர் பாட்டிலுக்கும் ரயில் சீட்டுக்கும் ஆகும், எடுத்துச் செல்லுங்கள்.

பிராங்க் நோட்டுகளுக்காக மட்டும் வருந்துகிறேன், அம்மா. பிரான்ஸ் மத்திய வங்கி அவற்றை யூரோவாக மாற்றித் தந்தது 2012 பிப்ரவரி 17 வரைதான். நம் ஊரில் எத்தனையோ வீட்டுப் பெட்டிகளில், பாட்டனார் சைகோனிலிருந்தோ மார்செய்யிலிருந்தோ கொண்டுவந்த நோட்டுகள் துணி மடிப்புக்குள் அப்படியே தங்கிவிட்டன. அவற்றை எந்தக் கவுன்டரும் இனி ஏற்காது. மாமியாரின் நினைவாகப் பெட்டியிலேயே வைத்திருங்கள். அல்லது நாணயம் சேகரிப்பவர் ஒருவரிடம் காட்டி விலை கேட்டுப் பாருங்கள்.