மூளைக் கட்டியும் ரத்தத்தில் பார்க்கும் நொதி அளவும்

மண்டபம் பகுதி வாசகர் ஒருவரின் கேள்வி: “58 வயதான என் தந்தைக்கு மதுரையில் மூளைக் கட்டி அறுவை சிகிச்சை நடந்தது. கிளியோபிளாஸ்டோமா (வேகமாக வளரும் மூளைப் புற்றுநோய்), நான்காம் நிலை என்று பயாப்சி ரிப்போர்ட்டில் உள்ளது. அடுத்த வாரம் கதிர்வீச்சும் டெமோசோலோமைடு என்ற புற்றுநோய் மாத்திரையும் தொடங்குகின்றன. ரத்தத்தில் ஆன்டிஆக்ஸிடன்ட் நொதிகளைப் பரிசோதித்தால் நோயின் போக்கு தெரியும் என்றும், கடற்பாசி கேப்சூல் கொடுத்தால் அந்த நொதிகள் கூடும் என்றும் உறவினர் சொல்கிறார். செய்யலாமா?”

இரண்டும் இப்போது வேண்டாம். உறவினர் சொல்வதில் பாதி உண்மை இருப்பதால் காரணத்தை விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

செல்கள் ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும்போது செல்லைச் சிதைக்கக்கூடிய சூப்பர் ஆக்சைடு என்னும் தீவிர மூலக்கூறு உண்டாகிறது. சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதி அதை ஹைட்ரஜன் பெராக்சைடாக மாற்ற, கேட்டலேஸும், குளூட்டாதயோன் என்ற பொருளைக் கொண்டு இயங்கும் குளூட்டாதயோன் பெராக்சிடேஸும் அதைத் தண்ணீராக்குகின்றன. இவையே ஆன்டிஆக்ஸிடன்ட் நொதிகள். நல்ல செல்லைக் காக்கும் இந்த ஏற்பாடு கட்டியின் செல்லையும் காக்கிறது. கதிர்வீச்சோ, செல்லிலுள்ள தண்ணீரைச் சிதைத்து அதே போன்ற தீவிர மூலக்கூறுகளை உண்டாக்கி, அவற்றைக் கொண்டே பெருமளவுக்குக் கட்டியின் மரபணுவைச் சிதைக்கிறது. ஆகவே கட்டிக்குள் இந்த நொதிகள் மிகுந்திருப்பதை நல்ல அறிகுறி என்று கொள்ள முடியாது. மாங்கனீசு சார்ந்த டிஸ்மியூட்டேஸ் மிகுந்திருந்த கிளியோபிளாஸ்டோமா நோயாளிகளின் வாழ்நாள் குறைந்திருந்ததாகக் கண்ட ஆய்வும் உண்டு.

அந்த அளவீடு கட்டித் திசுவில் செய்யப்பட்டது. ரத்தத்தில் பார்க்கும் எண் வேறு. புகைபிடித்தல், தொற்று, உணவு ஆகிய ஒவ்வொன்றும் அதை மாற்றும். மேலும், சிவப்பணுக்களில் இந்நொதிகள் ஏராளமாக இருப்பதால், மண்டபத்தில் எடுத்த ரத்தம் வெயிலில் பயணம் செய்து வெளியூர் லேபை அடைவதற்குள் சிவப்பணுக்கள் சிறிது உடைந்தாலே சீரத்தில் (அணுக்கள் நீங்கிய ரத்தத் திரவத்தில்) அளவு கூடுதலாகக் காட்டும். எந்த எண் வந்தாலும் அதை வைத்து மருத்துவர் சிகிச்சையை மாற்றப் போவதில்லை.

நோயின் போக்கைச் சொல்லக்கூடியவை வயது, கட்டி எவ்வளவு அகற்றப்பட்டது, தம் வேலைகளைத் தாமே செய்துகொள்ளும் திறன் ஆகியவையும், கட்டியில் செய்யும் இரண்டு பரிசோதனைகளும்தான். முதலாவது, ஐ.டி.எச். என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றம். இது உள்ள கட்டிகளில் குளூட்டாதயோனைப் புதுப்பிக்கும் வழி பலவீனப்படுகிறது; அந்த நோயாளிகள் கூடுதல் காலம் வாழ்கின்றனர். 2021ஆம் ஆண்டின் உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டின்படி, இந்த மாற்றம் இல்லாத கட்டியே கிளியோபிளாஸ்டோமா எனப்படுகிறது. உங்கள் தந்தையின் ரிப்போர்ட்டில் அது குறிப்பிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 55 வயதைக் கடந்தவர்களுக்குச் சாதாரண திசுச் சாயப் பரிசோதனையே பெரும்பாலும் போதும். செலவு மிக்க மரபணு வரிசைப் பரிசோதனை பொதுவாகத் தேவைப்படாது. இரண்டாவது எம்.ஜி.எம்.டி. மெத்திலேஷன், அதாவது மருந்தால் சிதைந்த மரபணுவைச் சீராக்கும் எம்.ஜி.எம்.டி. மரபணு அடங்கிப் போயிருத்தல். 2005இல் வெளியான ஆய்வில், இது இருந்து, கதிர்வீச்சுடன் டெமோசோலோமைடும் பெற்றவர்களில் 46 சதவீதத்தினர் இரண்டு ஆண்டுகளுக்குப் பின்னும் உயிருடன் இருந்தனர். இது இல்லாமல் அதே சிகிச்சை பெற்றவர்களில் இந்தச் சதவீதம் அதில் பாதிக்கும் குறைவு. இவற்றுக்குப் புதிதாக எதையும் எடுக்க வேண்டியதில்லை. அறுவை சிகிச்சை நடந்த மருத்துவமனையின் நோய்க்குறியியல் பிரிவில் மெழுகில் பதித்து வைத்த திசு இருக்கும். அதைக் கேட்டுப் பெறலாம்.

கேப்சூல் விஷயத்தில் நான் உறுதியாகவே சொல்வேன். நம் கடற்கரைப் பாசிகளின் சாறு ஆய்வுக்கூடத்தில் ஆன்டிஆக்ஸிடன்ட் ஆற்றலைக் காட்டுவது மெய்தான். ஆனால் மூளைக் கட்டி நோயாளிக்கு அது பலன் தரும் என்று அதனால் ஆகிவிடாது. தலை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெற்ற 540 பேரில் ஒரு பிரிவினருக்கு வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் கொடுத்துச் செய்த கனடிய ஆய்வில் பக்க விளைவுகள் குறைந்தன. ஆனால் கட்டி மீண்டும் தோன்றும் போக்கு கூடுதலாகத் தெரிந்தது. கதிர்வீச்சு நடக்கும் ஆறு வாரமும் இத்தகைய செறிவூட்டிய கேப்சூல்களைத் தவிர்ப்பதே நல்லது. மீன், காய்கறி, பழம், வீட்டில் வழக்கமாகக் காய்ச்சும் பாசிக் கஞ்சி ஆகியவற்றை உணவாகச் சாப்பிடத் தடையில்லை.

கேப்சூலுக்கு ஒதுக்கிய பணத்தை வாராந்திர ரத்த அணுப் பரிசோதனைக்கு வைத்துக்கொள்ளுங்கள். டெமோசோலோமைடு வெள்ளணுக்களையும் தட்டணுக்களையும் குறைக்கக்கூடும். இந்தப் பரிசோதனையை ராமநாதபுரத்திலேயே செய்து, ரிப்போர்ட்டை மதுரை மருத்துவருக்கு அனுப்பிவிடலாம்.