விதைநெல்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

மீண்டெழ முயலும் பேஸ்பால் அணி தன் இளம் வீரர்களை ட்ரேடில் (அணிகளுக்கிடையே வீரர் பரிமாற்றத்தில்) கொடுப்பது விதைநெல்லைக் குத்தித் தின்பதற்குச் சமம் என்று எழுதியிருந்தீர்கள். 2012 டிசம்பரில் கான்சாஸ் சிட்டி ராயல்ஸ் அதைத்தானே செய்தது? வில் மையர்ஸ் உள்ளிட்ட இளைஞர்களை டாம்பா பே அணிக்குக் கொடுத்து பிட்சர்கள் (பந்து வீசுபவர்கள்) ஜேம்ஸ் ஷீல்ட்ஸையும் வேட் டேவிஸையும் வாங்கினார்கள். 2015இல் சாம்பியனை முடிவுசெய்யும் உலகத் தொடரையும் வென்றார்கள். நான் இருப்பது சிகாகோ. எங்கள் வைட் சாக்ஸ் 2024இல் 121 ஆட்டங்களில் தோற்றது. இன்னும் எத்தனை வருடம்தான் பொறுத்திருப்பது?

வாசகர், சிகாகோ

அன்புள்ள நண்பருக்கு,

ராயல்ஸ் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அவர்களை மறந்துவிட்டு நான் அப்படி ஒரேயடியாக எழுதியிருக்கக் கூடாது.

2012இல் அவர்களுக்கு 72 வெற்றி, 90 தோல்வி. 1985க்குப் பிறகு பிளேஆஃப் (சீசன் முடிவில் சிறந்த அணிகள் மோதும் சுற்று) பக்கமே போகாத அணி. போதாததற்கு, மறு ஆண்டே மையர்ஸ், பேஸ்பாலின் உச்ச நிலையான மேஜர் லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகின் சிறந்த புதுமுகமாகத் தேர்வானார். ஆனால் அன்றைய களத்தில் யார் யார் நின்றார்கள் என்று பாருங்கள். ஹாஸ்மர், முஸ்டாக்கஸ், சால்வடோர் பெரெஸ், லொரென்சோ கெய்ன், அலெக்ஸ் கார்டன். எல்லோரும் ஏற்கெனவே மேஜர் லீகுக்கு வந்துவிட்டவர்கள். நடவு முடிந்த வயல் அது. பந்து வீசத்தான் ஆள் இல்லை. வந்த ஷீல்ட்ஸும் இரண்டு சீசன் இருந்தார், டேவிஸ் அதற்கு மேலும். 2015 கடைசி ஆட்டம், நியூயார்க், 12ஆவது இன்னிங்ஸ், நள்ளிரவு தாண்டிவிட்டது. டேவிஸ் வீசிய கடைசிப் பந்தை வில்மர் ஃப்ளோரஸ் மட்டையை வீசாமல் பார்த்தபடி நின்று அவுட்டானார், கோப்பை ராயல்ஸுக்கு. அந்த டிசம்பர் ட்ரேடுக்கு அதுதான் பதில்.

அதே ஷீல்ட்ஸ் உங்கள் ஊருக்கும் வந்தாரே, நினைவிருக்கிறதா? 2016இல் வைட் சாக்ஸ் 23 வெற்றி, 10 தோல்வி என்று அமர்க்களமாகத் தொடங்கி, பிறகு சரிந்தது. ஜூனில் அவசர அவசரமாக ஷீல்ட்ஸை வாங்கினார்கள். கொடுத்தது ஒரு பிட்சரும், தொழில்முறையில் ஒரு ஆட்டம்கூட ஆடியிராத 17 வயதுப் பையனும். அந்தப் பையன் ஃபெர்னாண்டோ டாட்டீஸ் ஜூனியர். 2021இல் 42 ஹோம் ரன் அடித்து நேஷனல் லீகில் முதலிடம் பிடித்தார். ஷீல்ட்ஸுக்கோ 2016இல் வைட் சாக்ஸ் சட்டையில் ஈ.ஆர்.ஏ. 6.77, அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு ஏறக்குறைய ஏழு ரன். அதைவிடக் கொடுமை, ஆறே மாதத்தில் தங்கள் முதன்மைப் பிட்சர் கிறிஸ் சேலையும் கொடுத்துவிட்டு அணியை அடியிலிருந்து கட்டத் தொடங்கினார்கள். பையனை வைத்துக்கொண்டிருக்கலாமே! எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

இப்போது உங்கள் வயலில் நாற்றங்கால்தான் இருக்கிறது. பிட்சர் காரெட் க்ரோஷேவைக் கொடுத்து வாங்கிய கைல் டீல் போன்றவர்கள் இப்போதுதான் காலூன்றுகிறார்கள். ஓர் இளைஞர் மேஜர் லீகுக்கு வந்தபின் குறைந்தது ஆறு ஆண்டு அணியின் கையில் இருப்பார், அதில் முதல் மூன்று ஆண்டு ஏறக்குறைய அடிமட்டச் சம்பளத்தில். அவரைக் கொடுத்து ஓர் ஆண்டுக்கு ஒரு மூத்த வீரரை வாங்கினால், நூறு தோல்வி தொண்ணூற்றைந்து ஆகும். அதற்கா இத்தனை ஆண்டு மைதானத்தில் உட்கார்ந்தீர்கள்?

ராயல்ஸும் சும்மா வெல்லவில்லை. 2015 நடுவில் க்வேட்டோ, ஸோப்ரிஸ்ட் என்ற இரு மூத்த வீரர்களுக்காக மேலும் ஐந்து பிட்சர்களைக் கொடுத்தார்கள். 2018இல் 104 தோல்வி. முப்பது ஆண்டு காத்திருந்த ஊருக்கு அந்த விலை தகும் என்றே நினைக்கிறேன்.

பொறுமை போய்விட்டது என்கிறீர்கள், புரிகிறது. வைட் சாக்ஸில் ஆறேழு இடங்களில் நம்பிக்கையான ஆள் நின்று, ஒரு பிட்சர்தான் குறை என்ற நிலை வரும்போது மறுபடி எழுதுங்கள். யாரைக் கொடுக்கலாம் என்று அன்று நானே பட்டியல் போட்டு அனுப்புகிறேன்.

அன்புடன்