கொன்ட்ரோலரையும் கொன்டெய்னரில் பதிய வேண்டுமா?

சம்மாந்துறையில் ஓர் அரிசி ஆலைக்கு நெல் கொள்வனவு மென்பொருள் செய்து கொடுத்திருக்கும் கல்முனைத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஏஎஸ்பி டொட் நெட் கோரில் செய்தேன். கொன்ட்ரோலருக்குள் நியூ போட்டு உருவாக்கியதையெல்லாம் எடுத்துவிட்டு டிபென்டன்சி இன்ஜெக்‌ஷனுக்கு மாற்றினேன். செயலி ஒழுங்காகத் தொடங்குகிறது. ஆனால் சில பக்கங்களைத் திறந்தால் சேர்விஸ் கிடைக்கவில்லை என்று விழுகிறது. கொன்ட்ரோலரையும் கொன்டெய்னரில் பதிய வேண்டுமா? இன்னொன்று, சிங்கிள்டனுக்குள் ஸ்கோப்ட் சேர்விஸ் வரக்கூடாது என்று ஒரு பிழை காட்டியது. எல்லாவற்றையும் சிங்கிள்டன் ஆக்கினேன், போய்விட்டது. இப்போது அறுவடை நெரிசலில் இரண்டு பேர் ஒன்றாகப் பதிந்தால் உடைகிறது."

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு விளக்கம். ஏஎஸ்பி டொட் நெட் கோர் என்பது வலைச் செயலிகள் செய்ய உதவும் மைக்ரோசொஃப்ட் ஃபிரேம்வேர்க். பக்கம் ஒன்றைக் கேட்டு வரும் கோரிக்கைதான் ரிக்வெஸ்ட், அதை வாங்கிப் பதில் கொடுப்பது கொன்ட்ரோலர். அதற்குத் தேவையான பொருட்களை, அதாவது சேர்விஸ்களை, அதுவே உருவாக்காமல் வெளியிலிருந்து கொடுப்பது டிபென்டன்சி இன்ஜெக்‌ஷன். பதிந்து வைத்த சேர்விஸ்களை உருவாக்கிக் கொடுப்பது கொன்டெய்னர்.

தம்பி, இரண்டாவதை முதலில் பார்ப்போம். அதில் விவசாயியின் காசு இருக்கிறது.

டிபி கொன்டெக்ஸ்ட், அதாவது தரவுத்தளத்தோடு பேசும் பொருள், இயல்பாகவே ஸ்கோப்ட். ஒரு ரிக்வெஸ்டுக்கு ஒன்று பிறக்கும், அந்த ரிக்வெஸ்ட் முடிந்ததும் அதுவும் முடியும். சிங்கிள்டனோ சேர்வர் ஓடும்வரை உயிரோடு இருக்கும். அது டிபி கொன்டெக்ஸ்டைப் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகத்தான் பிழை காட்டியது. நீங்கள் பிழையைத் தீர்க்கவில்லை, காவலை எடுத்துவிட்டீர்கள்.

ஆலையில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். தராசடியில் ஒருவர் உழவு இயந்திரப் பெட்டியில் வந்த மூடைகளை நிறுத்துப் பதிகிறார். அதே நொடியில் கந்தோருக்குள் மற்றவர் பற்றுச்சீட்டு அடிக்கிறார். இருவர் கையிலும் ஒரே டிபி கொன்டெக்ஸ்ட். அது ஒரு நேரத்தில் ஒரு வேலையைத்தான் தாங்கும். முதல் வேலை முடியுமுன் இரண்டாவது வந்தால் உடையும். நீங்கள் காண்பது இதைத்தான்.

கண்ணுக்குத் தெரியாதது இதைவிட மோசம். டிபி கொன்டெக்ஸ்ட் தான் ஒருமுறை எடுத்த பதிவுகளை நினைவில் வைத்திருக்கும். காலையில் நெல் விலையைத் தரவுத்தளத்தில் நேரடியாக மாற்றினாலும், அது தன்னிடம் உள்ள பழைய விலையையே கொடுக்கும். ஒருவர் தவறாக இட்ட பதிவு சேமிக்கப்படாமல் விழுந்தால், அது உள்ளேயே கிடந்து, அடுத்து வருகிற எல்லோருடைய சேமிப்பையும் விழுத்தும். சேர்வரை நிறுத்தித் தொடக்கினால்தான் தீரும். எனக்கும் ஒருமுறை இப்படி நடந்தது. மட்டக்களப்பில் ஒரு கடைக்குச் செய்த மென்பொருளில் இந்தக் கோளாறை வலையிணைப்புப் பிரச்சினை என்று நம்பி மூன்று நாள் கேபிள் மாற்றிக்கொண்டிருந்தேன்.

ஆகவே டிபி கொன்டெக்ஸ்டைப் பதியும் அட்-டிபி-கொன்டெக்ஸ்ட் வரியை அதன் இயல்பிலேயே விடுங்கள். தரவுத்தளத்தைத் தொடும் ரெப்போசிட்டரி, சேர்விஸ் எல்லாவற்றையும் அட்-ஸ்கோப்ட் என்ற கட்டளையால் ஸ்கோப்டாகப் பதியுங்கள். சிங்கிள்டன், எவருடைய தரவையும் சுமக்காத, ஒரே நேரத்தில் பலர் தொட்டாலும் உடையாத பொருளுக்கு மட்டும். இரவில் விவசாயிகளுக்குக் குறுஞ்செய்தி அனுப்பும் பின்னணி வேலை ஏதும் வைத்திருந்தால், அது சிங்கிள்டனாகத்தான் ஓடும். அதற்குள் ஸ்கோப் (ஸ்கோப்ட் பொருட்கள் வாழும் எல்லை) திறந்து கொடுக்கும் ஐ-சேர்விஸ்-ஸ்கோப்-ஃபெக்டரியைக் கொடுத்து, ஒவ்வொரு சுற்றுக்கும் புதிய ஸ்கோப் திறந்து, முடிந்ததும் மூடுங்கள்.

இனி கொன்ட்ரோலர். பதிய வேண்டும் என்று கட்டாயமில்லை. பலருக்குத் தெரியாத விஷயம், ஏஎஸ்பி டொட் நெட் கோரில் கொன்ட்ரோலர் கொன்டெய்னரிலிருந்து வருவதில்லை. ஃபிரேம்வேர்க் அதை ரிக்வெஸ்டுக்கு ஒன்றாகத் தானே உருவாக்கி, அதன் கொன்ஸ்ட்ரக்டர் (உருவாகும்போது ஓடும் பகுதி) கேட்கும் பொருட்களை மட்டும் கொன்டெய்னரிடம் வாங்குகிறது. அதனால்தான் ஒரு சேர்விஸைப் பதிய மறந்தாலும் செயலி சத்தமில்லாமல் தொடங்கி, பக்கத்தைத் திறக்கும்போது விழுகிறது. ஜாவாவின் ஸ்பிரிங் ஃபிரேம்வேர்க்கில் இப்படியல்ல, கொன்ட்ரோலரே கொன்டெய்னரின் பிள்ளை, அதுவும் இயல்பில் சிங்கிள்டன்.

ஆனாலும் பதியுங்கள் என்றே சொல்வேன். அட்-கொன்ட்ரோலர்ஸ் என்ற வரியின் முடிவில் அட்-கொன்ட்ரோலர்ஸ்-அஸ்-சேர்விசஸ் என்பதைச் சேர்த்தால் போதும், கொன்ட்ரோலர்கள் டிரான்சியன்ட் ஆக, அதாவது கேட்கும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறப்பவையாகப் பதிவாகும். டெவலப்மென்ட் சூழலில் ஃபிரேம்வேர்க் தொடக்கத்திலேயே பதிவுகளைச் சரிபார்க்கும், அந்தச் சோதனைக்குள் கொன்ட்ரோலர்களும் வந்துவிடும். விடுபட்ட சேர்விஸின் பெயர் உங்கள் மேசையிலேயே தெரியும். இந்தச் சோதனையைத் தொடக்கத்தில் நடத்தும் வேலிடேட்-ஒன்-பில்ட் என்ற தெரிவைக் கையால் இயக்கினால், ஆலையில் உண்மையாக ஓடும் புரொடக்‌ஷனிலும் இது நடக்கும். ஆக்‌ஷன் மெதட்டின் பராமீட்டராக ஃபிரொம்-சேர்விசஸ் மூலம் கேட்பவை இந்தச் சோதனையில் அகப்படா.

மாற்றிய பின் ஒரு வேலை இருக்கிறது. பகிர்ந்த டிபி கொன்டெக்ஸ்டில் ஒருவருடைய அரைகுறைப் பதிவை மற்றவர் தட்டிய சேமிப்பு தரவுத்தளத்துக்குள் அனுப்பியிருக்கலாம். பிழை வந்ததென்று எழுதுவினைஞர் மீண்டும் இட்டிருந்தால் ஒரே நெல் இரண்டு தடவை ஏறியிருக்கும். சிங்கிள்டனாக ஓடிய நாட்களின் பதிவுகளைத் தராசடிக் கொப்பியோடு வரி வரியாக ஒப்பிடுங்கள். கொடுப்பனவு முடியுமுன் செய்யுங்கள், ஆலைக்காரரையும் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.